பஞ்சாங்கத்தில் ஒரு கட்டைவிரல்

படூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் பேப்பர் படிப்பவர்களுக்கு நான் யார் என்று தெரியும். காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, பணி ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து குடியேறியவள். கொலைச் செய்தி வந்தால் கடைக்காரர் என்னிடம்தான் கேட்பார். "ரத்தத்துல கைரேகை பதிஞ்சிருக்காம் மேடம். அப்புறம் என்ன, ஆள் மாட்டிக்கிட்டான்ல?"

"மாட்டுவான் அண்ணே. எதுல மாட்டுவான்னு பார்க்கணும்" என்பேன்.

அவர் கேட்கும் கேள்விக்கு இந்திய நீதிமன்றம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கை நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். குற்றப் புலனாய்வின் உலக வரலாற்றில் முன்வரிசையில் வைக்க வேண்டிய வழக்கு அது.

1898 ஆகஸ்ட் மாதம். வங்காளத்தில் ஜல்பாய்குரி மாவட்டம், பூட்டான் எல்லையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேலாளர் ஹிருதயநாத் கோஷ் கழுத்து அறுபட்டுப் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். காகிதங்கள் வைத்திருக்கும் பெட்டியையும் இரும்புப் பெட்டியையும் யாரோ குடைந்திருந்தார்கள். பணம் போயிருந்தது.

சந்தேகத்துக்கு ஆள் பஞ்சமில்லை. மேலாளர் கறாராக வேலை வாங்குபவர் என்பதால் கூலித் தொழிலாளர்கள் மீது முதலில் கண் போனது. அவருக்குத் தொடர்பிருந்த ஒரு பெண்ணின் உறவினர்களையும் விசாரித்தார்கள். அக்கம்பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த காபூலிக் கூட்டம் ஒன்றும் இருந்தது. சமையல்காரர் துணியில் ரத்தக்கறை. கேட்டதற்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புறா அறுத்தேன் என்றார். மேலாளர் வீட்டில் திருடிப் பிடிபட்டு, அவர் கொடுத்த புகாரில் சிறைக்குப் போய் வந்த பழைய வேலைக்காரன் காங்காலி சரண் பெயரும் பேச்சில் வந்தது. ஆனால் அவனை அந்தப் பக்கம் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

காகிதப் பெட்டிக்குள் வெளிர் நீல அட்டை போட்ட வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. அட்டையில் மங்கலாக, பழுப்பு நிறத்தில் இரண்டு தீற்றல்கள். அதை யாரோ ஒருவர் கவனித்துப் பத்திரப்படுத்தினார். என் வேலைக்காலம் முழுக்க நான் நினைத்து மரியாதை செலுத்திய மனிதர் அவர். பெயர் தெரியாது. கழுத்தறுபட்ட உடலும் காலியான இரும்புப் பெட்டியும் கண்முன்னே கிடக்கும்போது ஒரு பஞ்சாங்கத்தின் அட்டையை உற்றுப் பார்ப்பது சாதாரணக் காரியம் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில், தீற்றல்களில் ஒன்று வலது கை விரல் ஒன்றின் பகுதிப் பதிவு என்று தெரிந்தது.

இந்த இடத்தில்தான் காலம் கைகொடுத்தது. 1897இல்தான் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைப் பதிவகம் தொடங்கியிருந்தது. தண்டனை பெற்றவர்களின் பத்து விரல் ரேகைகளும் அங்கே தாள்களில் சேர்ந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான தாள்களுக்குள் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? பத்து விரல்களை ஐந்து சோடியாகப் பிரித்து, சுழி விழுந்த விரலுக்கு மட்டும் 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் 32க்கு 32 என்று 1,024 பிரிவுகள் கிடைக்கும். நம் ஊர்ப் பாட்டிகள் சக்கரம் என்று சொல்லி எண்ணுவதுதான் எங்களுக்குச் சுழி. இந்த முறைக்குப் பதிவகத்தை நிறுவிய எட்வர்டு ஹென்றியின் பெயர் ஒட்டிக்கொண்டது. கணக்கைப் போட்டு உருவாக்கியதில் பெரும்பங்கு அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்களுடையது. என் பதவியில் இருந்தவர்கள். ஆகவே அவர்கள் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பஞ்சாங்க ரேகை, காங்காலி சரணின் வலது கட்டைவிரல் ரேகையோடு ஒத்துப்போனது. சில நூறு மைலுக்கு அப்பால் பீர்பூம் மாவட்டத்தில் அவனைப் பிடித்தார்கள். கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து கட்டைவிரலை மறுபடி பதிந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே ரேகைதான்.

அடுத்தது அந்தப் பழுப்பு நிறம் என்ன என்ற கேள்வி. அரசாங்கத்தின் ரசாயனப் பரிசோதகர், பாலூட்டி ஒன்றின் ரத்தம் என்று சான்று கொடுத்தார். மனித ரத்தம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது. நம் ரத்தத்தின் சிவப்பணு வட்டமாக, உள்ளே உட்கரு இல்லாமல் இருக்கும். ஆடு, மாடு, நாய்க்கும் அப்படியே. பறவையின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். உருப்பெருக்கி வைத்துப் புறாவையும் மனிதனையும் பிரிக்கலாம். ஆட்டையும் மனிதனையும் பிரிக்க அன்றைக்கு வழி கிடையாது. புறா ரத்தம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த வழக்கில், பாலூட்டி என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு கனமானது என்று பாருங்கள். கட்டைவிரலை வைத்தவன் புறா அறுத்துவிட்டு வந்து பஞ்சாங்கத்தைத் தொடவில்லை.

விசாரணையை நீதிபதியும் அசெஸர்களும் சேர்ந்து நடத்தினார்கள். நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்லும் உள்ளூர்ப் பிரமுகர்களைத்தான் அப்போது அசெஸர் என்பார்கள். அவர்கள் சொன்ன முடிவு இது: திருடியது இவன்தான் என்பது ஐயமில்லாமல் நிரூபணமாகிவிட்டது; கொலை நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை; ஆகவே கொலைக்குத் தண்டிப்பது பாதுகாப்பானது இல்லை. திருட்டுக்கு மட்டும் தண்டனை. மேல்முறையீட்டிலும் அது நின்றது.

இதைக் கேட்டால் பலருக்கும் கோபம் வரும். பயிற்சிக்கு வந்த இளம் அதிகாரிகளுக்கும் வந்திருக்கிறது. ரத்தக் கட்டைவிரல் இருக்கிறது, பழைய பகை இருக்கிறது, பணம் போயிருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பார்கள். நான் அந்த அசெஸர்கள் பக்கம். ரேகை சொன்னது, ரத்தம் பட்ட கையோடு இவன் அந்தப் பெட்டியைக் குடைந்தான் என்பதை. கத்தியைப் பிடித்தது இவனா, கூட வந்த இன்னொருவனா என்பதை ரேகை சொல்லவில்லை. புத்தம்புதிய விஞ்ஞானம் ஒன்று கண்முன் வந்து நிற்கும்போது அதன் வீச்சு எங்கே முடிகிறது என்று அந்த மனிதர்கள் சரியாகப் பார்த்தார்கள். 1899இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, விரல்ரேகை நிபுணரின் கருத்தையும் நீதிமன்றம் கேட்கலாம் என்று சேர்த்தார்கள். நாங்கள் சாட்சிக் கூண்டில் ஏறியது அந்த ஒரு வரியால்.

ஜல்பாய்குரி வழக்குக்கு ஆறு ஆண்டு முன்னால், 1892இல், அர்ஜென்டினாவின் நெகோச்சேயா என்ற ஊரில் பிரான்சிஸ்கா ரோஜாஸ் என்ற பெண்ணின் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டன. பக்கத்தில் வசித்த ஒருவன் மேல் அவள் பழி போட்டாள். கதவில் ரத்தத்தில் பதிந்த கட்டைவிரல் ஒன்று இருந்தது. விசாரணை அதிகாரி அந்த மரத்துண்டையே அறுத்தெடுத்துப் போய், ஹுவான் வுசெடிச் உருவாக்கிய முறைப்படி ஒப்பிட்டார். ரேகை தாயுடையது. அவள் ஒப்புக்கொண்டாள், ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தைகள் ரத்தத்தில் கிடப்பதைப் பார்த்த தாய் ஓடிப்போய் அள்ளி எடுக்க மாட்டாளா? அப்படி எடுத்த கையோடு கதவைப் பிடிக்க மாட்டாளா? அவள் குழந்தைகளின் உடலைத் தொடவே இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அந்த வாக்குமூலம் இல்லாமல் போயிருந்தால் அந்த ரேகைக்கு அவ்வளவு வலு இல்லை.

ரத்த ரேகை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று விதமாக உண்டாகலாம். ரத்தம் பட்ட விரல் சுத்தமான பரப்பைத் தொட்டிருக்கலாம். சுத்தமான விரல், தரையிலோ சுவரிலோ ஏற்கெனவே சிந்தியிருந்த ஈர ரத்தத்தைத் தொட்டிருக்கலாம். மூன்றாவதுதான் ஆபத்தானது: என்றைக்கோ யாரோ தொட்டுப் போன வியர்வை ரேகை அங்கே இருந்து, அதன் மீது பிறகு ரத்தம் படர்ந்திருக்கலாம். போன வாரம் ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலெக்ட்ரீஷியனுடைய விரல்கூட அப்படி ரத்தத்தில் தெரியும்.

முதல் வகையில் ரேகையின் மேடுகள் கருமையாகவும் பள்ளங்கள் வெளுப்பாகவும் விழும். மேட்டின் மேல் வியர்வைத் துவாரங்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால் பதிவு அருமை. மை அதிகமான ரப்பர் ஸ்டாம்பு முதல் குத்தில் அப்பிக்கொள்வதுபோல, ரத்தம் சொட்டும் விரலின் முதல் தொடுகை பெரும்பாலும் வெறும் தீற்றலாகவே இருக்கும். அதற்கடுத்த தொடுகைகளில்தான் ரேகை தெளியும். அதனால் பெரிய கறையைப் பார்த்து ஏமாந்து நிற்காமல், அந்தக் கை அடுத்து எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டும். ரத்தக் கையோடு இருப்பவன் தண்ணீரைத் தேடுவான், வெளிச்சத்தைத் தேடுவான், வாசலைத் தேடுவான். குளியலறைக் குழாய், ஸ்விட்ச் போர்டு, தாழ்ப்பாள், பீரோ கைப்பிடி, சொம்பு என்றுதான் என் கண் போகும்.

இரண்டாவது வகையில் விரலின் மேடுகள் ரத்தத்தை அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளிவிடும். அப்போது மேடு வெளுத்தும் பள்ளம் கறுத்தும், எல்லாம் தலைகீழாகத் தெரியும். இதை உணராமல் ஒப்பிட்டால் சரியான ஆளையே இவன் இல்லை என்று விட்டுவிட நேரும். மூன்றாவதை முதல் வகையிலிருந்து பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். பிரிக்க முடியாவிட்டால் முடியவில்லை என்றுதான் அறிக்கையில் எழுத வேண்டும்.

ரத்த ரேகையின் மீது பவுடர் பிரஷ்ஷை வைக்கக் கூடாது. அளவுகோலோடு முதலில் போட்டோ. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மறுபடி போட்டோ. மேடு விழாத ஓரத்தில் பஞ்சுக்குச்சியால் டி.என்.ஏ.வுக்கு மாதிரி எடுத்த பிறகுதான் சாயம். அமிடோ பிளாக் என்ற சாயம் ரத்தத்தின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு கருநீலமாக்கும். கண்ணுக்கு மங்கலாக இருந்த கோடுகள் அப்போது எழுந்து வரும். ரேகை யாருடையது என்று விரல்ரேகைப் பிரிவு சொல்லும். அந்த ரத்தம் யாருடையது என்று ஆய்வகம் சொல்லும். அவனுடைய விரல், இறந்தவருடைய ரத்தம் என்று இரண்டும் ஒரே அங்குலத்தில் பொருந்தினால், நான் அவர் வீட்டுக்கு அடிக்கடி போகிறவன், அப்போது பட்ட ரேகை என்ற சமாதானம் எளிதில் எடுபடாது. இதனால்தான் இந்தத் தடயத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

ரத்தச் சொட்டுகளும் பேசும். நேர் கீழே விழுந்த சொட்டு வட்டம். சாய்வாக வந்து பட்டது நீள்வட்டம்; வால் நீளும் பக்கம்தான் அது போன திசை. அகலத்தை நீளத்தால் வகுத்தால் வந்து மோதிய கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். அகலம் நீளத்தில் பாதி என்றால் 30 டிகிரி. பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். ஒவ்வொரு சொட்டிலிருந்தும் நூல் கட்டிப் பின்னோக்கி இழுத்தால், அவை ஓரிடத்தில் நெருங்கும். அடி விழுந்தது ஏறக்குறைய அங்கே. எல்லாப் பக்கமும் தெறித்திருக்க, சுவரில் ஒரு துண்டு மட்டும் சுத்தமாக இருந்தால் அங்கே யாரோ நின்றிருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு பொருள் இருந்து எடுக்கப்பட்டிருக்கிறது.

கணக்கு வரைக்கும் சரி. அதற்கு மேல் போய், இன்ன கையால் இப்படி ஓங்கினான் என்று கதை கட்டும்போது நான் எச்சரிக்கையாகிவிடுவேன். 1997இல் இங்கிலாந்தில் ஒரு சிறுமி அடித்துக் கொல்லப்பட்டாள். வளர்ப்புத் தந்தையின் உடையில் 158 நுண்ணிய ரத்தத் துளிகள். அடித்தபோது தெறித்தவை என்றது அரசுத் தரப்பு. 1998இல் ஆயுள் தண்டனை. உயிர் போகிற நேரத்தில் அவள் மூச்சோடு வெளியேறிய ரத்தம், அவர் குனிந்து பார்த்தபோது பட்டது என்றது எதிர்த்தரப்பு. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது; இரண்டு மறுவிசாரணைகளில் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியாமல் 2006இல் அவர் விடுதலையானார். அடியில் தெறிக்கும் துளியும் மூச்சில் தெறிக்கும் துளியும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகமும் 2009இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தத் துறையில் நிச்சயமின்மை மிக அதிகம் என்று வெளிப்படையாகவே எழுதியது.

கறை ரத்தம்தானா என்று பார்க்க ஸ்தலத்தில் செய்யும் சோதனையில் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம் என்று பொருள். முள்ளங்கிச் சாறும் அதே நிறத்தைக் காட்டும். லூமினால் தெளித்தால் இருட்டில் நீலமாக ஒளிரும். பிளீச்சிங் போட்டுக் கழுவிய தரையும் ஒளிரும். ஆகவே உறுதி ஆய்வகத்தில்தான். மனித ரத்தத்தை விலங்கு ரத்தத்திலிருந்து பிரிக்கும் சோதனையை ஜெர்மனியின் பால் உலென்ஹுத் 1901இல் கண்டுபிடித்தார். அதே ஆண்டு கார்ல் லான்ஸ்டைனர் ரத்த வகைகளை வெளியிட்டார். ஜல்பாய்குரி வழக்கின் பரிசோதகர் இன்னும் மூன்று ஆண்டு பின்னால் அந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்திருந்தால் அவர் சான்று வேறு மாதிரி இருந்திருக்கும். இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் நம் சென்னையில்தான் 1849இல் தொடங்கியது. விஷம் வைத்துக் கொல்வது அதிகமாக இருந்த காலம். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அங்கே இருக்கிறது.

ரேகை கொலைகாரனைக் காட்டுவதற்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஆளவந்தார் வழக்கு. 1952 ஆகஸ்டில் சென்னையில் காணாமல் போனவர் அவர்; பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கம்பெனியில் பேனா விற்றவர். தனுஷ்கோடி போகும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரையில் திறந்து பார்த்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். காதில் இருந்த துளையும் பல்வரிசையும் பார்த்து மனைவி அடையாளம் சொன்னார். உடலின் விரல்ரேகை, ஆளவந்தார் ராணுவத்தில் இருந்தபோது பதிவான ரேகையோடு ஒத்தது. இந்த வழக்கில் ஒரு தம்பதிக்கு, கணவனுக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும், நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் தண்டனை கொடுத்தார். முகம் போய்விட்ட ஒருவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்க ரேகை உதவியது. இறந்தவர் யார் என்று தெரியாமல் எந்தக் கொலை வழக்கும் முதல் படியைத் தாண்டாது.

இப்போது படூருக்கு வருகிறேன். ஓ.எம்.ஆர். ஓரத்து அடுக்குமாடி வீடுகளில் வழவழப்பான டைல்ஸ், சன்மைக்கா ஒட்டிய கதவு, எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி ஜன்னல். ரேகைக்கு இதைவிட நல்ல பரப்பு கிடையாது. ஆனால் கோவளம், முட்டுக்காடு பக்கமிருந்து வரும் ஈரக் காற்றில் பவுடர் கட்டிதட்டும். ஐப்பசி மழையில் ரத்தம் உலர நேரமாகும்; உலராத ரத்தத்தில் யார் காலை வைத்தாலும் புதுக் கறை ஒன்று பிறக்கும். சித்தாள் வேலை, கொத்து வேலை செய்பவர்களின் விரலைச் சிமெண்ட் தின்றுவிடும். கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த கைகளும் அப்படியே. ரேஷன் கடை இயந்திரத்தில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட முதியவர்களை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்தலத்தில் ரேகை இல்லை என்றால் அந்த ஆள் வரவில்லை என்று அர்த்தமாகாது.

பெரிய சேதம் நடப்பது நாங்கள் வருவதற்கு முன்னால். அலறல் கேட்டதும் பக்கத்து வீட்டார் வருவார்கள். செக்யூரிட்டி வருவார். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது மனிதக் கடமை. அதில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் வேதனை. யாரோ ஃபேனைப் போடுவார். யாரோ கைகழுவக் குழாயைத் திறப்பார். இறந்தவரை அப்படிப் போட்டிருக்க மனம் வராமல் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்துவார்கள். அந்தப் போர்வை சொட்டுகளையெல்லாம் ஒற்றி எடுத்துவிடும். ஒரு வீட்டில், குழந்தைகள் பார்த்துவிடக் கூடாதே என்று பக்கத்து வீட்டு அம்மா கதவிலிருந்த கையடையாளத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார். அவரை என்னால் கடிந்துகொள்ள முடியவில்லை. அந்தக் கதவில் வேறு எதுவும் கிடைக்கவும் இல்லை.

ஸ்தலத்தில் தற்செயலாகப் பதிந்து கிடைக்கும் சான்ஸ் பிரிண்ட்டுகளில் பெரும்பகுதி வீட்டாருடையதாகவே இருக்கும். அதனால் வீட்டில் உள்ளவர்கள், உள்ளே வந்தவர்கள் எல்லோருடைய விரலையும் பதிந்து ஒவ்வொன்றாகக் கழிப்போம். மனைவியை இழந்த மனிதரிடம் விரலில் மை தடவக் கேட்பது கொடுமையான வேலை. சிலர், என்னையே சந்தேகப்படுகிறீர்களா என்று கத்துவார்கள். உங்களுடையதை ஒதுக்கினால்தான் ஐயா அவனுடையது மிஞ்சும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

ஒப்பிடும்போது கோடு முடியும் இடம், கிளை பிரியும் இடம், சிறு தீவு என்று நுண்குறிகளை எண்ணுவோம். எட்டுக் குறிகள் பொருந்தினால் ஒரே விரல் என்று கொள்வது இங்கே நீண்ட நாள் வழக்கம். ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையது என்றது. மூத்த நிபுணர்கள் சரிபார்த்தார்கள். நீதிமன்றம் அமர்த்திய தனி நிபுணரும் ஆமாம் என்றார். இரண்டு வாரம் அவர் காவலில் இருந்தார். ஸ்பெயின் போலீஸ், அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். 2022இல் தொடங்கிய நாடு தழுவிய கணினித் தொகுப்பில் இன்றைக்கு நொடியில் தேடலாம். கணினி கொடுப்பது நெருக்கமானவர்களின் பட்டியலை. தொகுப்பு பெரிதாகப் பெரிதாக, ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் அந்நியர்களும் அதில் கூடுவார்கள். முடிவு மனிதக் கண்ணுடையது.

அதோடு, தடயம் வந்த வழி சுத்தமாக இருக்க வேண்டும். ராஜஸ்தானிலிருந்து வந்த முகமது அமன் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் விரல்ரேகைச் சாட்சியத்தை நம்ப மறுத்தது. பொருள்கள் காரணமில்லாமல் சில நாள் காவல் நிலையத்திலேயே கிடந்தன. மாதிரி ரேகை மாஜிஸ்திரேட் முன்னால் எடுக்கப்படவில்லை. ரேகை பொருந்தியும் பயனில்லாமல் போனது. மகஜரில் ஒரு கையெழுத்து விடுபடுவதும், கைப்பற்றிய சொம்புக்கு அன்றைக்கே சீல் வைக்காததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லாத பயிற்சி வகுப்பு கிடையாது. ஈரமான ரத்தத் துணியைப் பாலித்தீன் பையில் கட்டி அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடித்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் ஸ்தலத்துக்கு வந்தே ஆக வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைக் கட்டாயமாக்க ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. நல்ல சட்டம், நான் வேலையில் சேர்ந்த நாளிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கும் சட்டம். அதற்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், ஆய்வகத்தில் தேங்காமல் அறிக்கை வர வேண்டும்.

படூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் காவலாளிகளையும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் உட்காரவைத்து நான் சொல்லிக் கொடுத்திருப்பது இதுதான். உயிர் இருக்கிறதா என்று ஒருவர் மட்டும் போய்ப் பாருங்கள், போன வழியிலேயே திரும்புங்கள். 112க்குப் போன் செய்யுங்கள். போர்வை வேண்டாம், குழாய் வேண்டாம், விளக்கை அணைக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்காருங்கள், சொந்தக்காரர் அழுதுகொண்டு வந்தாலும் கையைப் பிடித்து வெளியே உட்கார வையுங்கள். போலீஸ் வரும்வரை உள்ளே போய் வந்த எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள், எந்தக் கதவை, எந்தக் கையால் தொட்டார்கள் என்பதையும் சேர்த்து.